மேற்குத் தூண்

ஜனவரி 22, திங்கள்

என் பெயர் நாச்சிமுத்து. ஊர் பெருந்துறை. வயது எழுபத்து மூன்று. இதை எழுதியது நான்.

ஜனவரி 23, செவ்வாய்

நேற்று எழுதியதைக் காலையில் எழுந்ததும் பார்த்தேன். அப்படியே இருந்தது. எனக்கு அவ்வளவு சந்தோஷம். பல் விளக்கிவிட்டு வந்து இன்னொரு தடவை பார்த்தேன்.

ஸ்டெல்லா டீச்சர் தினமும் கொஞ்சம் எழுதச் சொல்லியிருக்கிறார். எதை வேண்டுமானாலும் எழுதலாம். அவர் படிக்கமாட்டார், பக்கத்தை எண்ணி ஒரு டிக் போடுவார், அவ்வளவுதான். பெரியவர்களுக்கான எழுத்து வகுப்பில் பதினோரு பெண்கள், நான் ஒருவன் ஆண். நான் உள்ளே நுழைந்தால் சரசக்கா, “மாப்பிள்ளை வந்துட்டாரு, பந்தியப் போடுங்க” என்று சத்தம் போடும். நான் கடைசி பெஞ்சில் உட்கார்ந்துகொள்வேன். ஏழு மாதத்தில் எல்லா எழுத்தும் வந்துவிட்டது. பஸ் போர்டு படிக்கிறேன். மாத்திரை அட்டையில் என்ன தேதிக்குள் சாப்பிட வேண்டும் என்று படிக்கிறேன்.

என் வலது கை விரல் நுனிகளில் உணர்ச்சி கிடையாது. பழைய தீக்காயம். பேனா கையில் இருக்கிறதா நழுவிவிட்டதா என்று பார்த்துக்கொண்டேதான் எழுத வேண்டும். அதனால் மெதுவாக எழுதுகிறேன். மெதுவாக எழுதினால் எழுத்து அழகாக வருகிறது.

ஜனவரி 25, வியாழன்

என் மகள் மேகலா வீட்டை ஒட்டிய கொட்டகையில் கார் பழுது பார்க்கிறாள். ஈரோட்டில் ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தாள். இப்போது சொந்தமாகச் செய்கிறாள். அந்தக் கொட்டகையில் முன்னால் நான் வேலை பார்த்தேன்.

இன்று ஒரு வண்டியை ஜாக்கி வைத்துத் தூக்கிவிட்டு அடியில் படுத்திருந்தாள். கால் மட்டும் வெளியே தெரிந்தது. என் மனைவி பாவாயி டீ கொண்டுவந்தவள், அந்தக் காலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

“ஏம் புள்ள, வெளிய வந்து குடி.”

“வெச்சுட்டுப் போம்மா. நட்டு ஒண்ணு என் மூஞ்சி மேல உக்காந்துட்டு ஆட்டங் காட்டுது.”

“நீ வெளிய வந்தாத்தான் போவேன்.”

டீயில் ஆடை கட்டிவிட்டது. மேகலா முதுகைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். “நானே முடிவு பண்ணிட்டேம்மா. லிஃப்ட் போடப் போறேன். வண்டி ஆளுயரத்துக்கு மேல போயிரும். இனிமே படுக்கற வேலையே இல்ல, நின்னுக்கிட்டே பாக்கலாம்.”

“இன்னைக்கே போடு” என்றாள் பாவாயி.

நானும் நல்லது என்று சொன்னேன்.

ஜனவரி 27, சனி

கோயம்புத்தூரில் லிஃப்ட் செய்கிற கம்பெனியின் நோட்டீசை மேகலா கொடுத்தாள். தமிழில் இருக்கிறது. “நீங்களே படிச்சுச் சொல்லுங்ப்பா, எது நல்லதுன்னு” என்றாள். என்னிடம் ஒருவர் ஒரு காகிதத்தைக் கொடுத்துப் படித்துச் சொல்லச் சொன்னது இதுதான் முதல் தடவை. நாற்காலியை வெயிலில் போட்டுக்கொண்டு காலை முழுக்கப் படித்தேன்.

லிஃப்ட் மூன்று வகை. இரண்டு தூண் லிஃப்டில் தூணிலிருந்து கை நீண்டு வந்து வண்டியின் வயிற்றைத் தாங்கும். நான்கு தூண் லிஃப்டில் வண்டி இரண்டு பலகை மேல் ஏறி நிற்கும். கத்தரி லிஃப்டு கத்தரிக்கோல் மாதிரி விரிந்து தூக்கும். அதைத் தரையில் சும்மா வைத்தால் போதும்.

இரண்டு தூண் லிஃப்டுக்குத் தூண்களைத் தரையில் போல்ட் போட்டு இறுக்க வேண்டும். ஒரு தூணுக்கு ஆறு போல்ட். தரை ஆறு அங்குலக் கான்கிரீட்டுக்குக் குறையக் கூடாது. தரைக்குக் கீழே வெற்றிடம் இருக்கக் கூடாது. அது மட்டும் சிவப்பு எழுத்து.

வெற்றிடம் என்ற சொல் எனக்கு வரவில்லை. டீச்சரிடம் கேட்க வேண்டும்.

எனக்குக் கத்தரிதான் பிடித்திருக்கிறது.

ஜனவரி 28, ஞாயிறு

“கத்தரியே போதும் அம்மிணி” என்றேன் மேகலாவிடம்.

“அது டயர் மாத்தறதுக்குங்ப்பா. நடுவுல இரும்பு அடைச்சுட்டு நிக்கும். கியர் பாக்ஸ் எறக்கறது எப்படி?”

“அப்பறம் நாலு தூணு போடு.”

“எடம் எங்க இருக்குது? கொட்டாயே பதிமூணடி. ரெண்டு தூணுதான் வேணும். சக்கரம் நாலும் தொங்கும், அடியில ஒண்ணும் மறைக்காது.”

“கூரை இடிக்கும்.”

“அளந்துட்டேன். பன்னண்டே காலடி.”

“கரண்டு போச்சுன்னா வண்டி மேலயே நின்னுக்குமே?”

“நிக்கட்டும். தூணுக்குள்ள லாக் இருக்குது, ஒவ்வொரு படிக்கும் டக்கு டக்குன்னு உளுந்துட்டே போகும். ஏனுங்ப்பா, நாப்பது வருசம் மெக்கானிக்கா இருந்த ஆளு, லிஃப்டக் கண்டு இப்படிப் பயப்படறீங்களே!”

லிஃப்டைக் கண்டு எனக்குப் பயம் இல்லை.

பாவாயி அரிசி புடைத்தபடி உள்ளேயிருந்து சொன்னாள்: “மேக்காலத் தூணு கன்னி மூலைப் பக்கமா வரோணும். கன்னி மூலையிலதான் பாரம் ஏறணும். அந்த மூலையில குழி இருக்கப் போயித்தான் எம்பையன் போனான்.”

ஜனவரி 29, திங்கள்

வெற்றிடம் என்றால் உள்ளே ஒன்றும் இல்லாத இடம். டீச்சர் சொன்னார். “எங்க ஊட்டுக்காரர் மண்டைன்னு சொல்லுங்க டீச்சர், பட்டுனு புரியும்” என்றது சரசக்கா. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று டீச்சர் வரவில்லை, வகுப்பு இல்லை. பக்கம் நிறைய இருக்கிறது. எழுதுகிறேன். டீச்சர் படிக்கமாட்டார். மேகலா அடுத்தவர் நோட்டைத் தொடமாட்டாள். பாவாயிக்கு எழுத்து தெரியாது.

என் கொட்டகையின் தென்மேற்கு மூலையில் ஒரு குழி இருந்தது. வண்டியை மேலே நிறுத்திவிட்டுக் கீழே இறங்கி நின்று வேலை செய்கிற குழி. நீளம் ஒன்பதடி, அகலம் மூன்றடி, ஆழம் ஐந்தடி. நான் வெட்டியது. அப்போது கொட்டகைக்கு வாசல் கிழக்கே. வண்டி கிழக்கு மேற்காக நிற்கும். இப்போது வாசல் வடக்கே. அதனால் புது லிஃப்டின் மேற்குத் தூண் பழைய குழியின் மேல் வருகிறது. இதை நேற்றே அடியால் அளந்து பார்த்துவிட்டேன்.

எங்கள் பெரியவன் தனபால் இருபத்து மூன்று வருஷத்துக்கு முன் அந்தக் குழியில் இறந்தான். அவனுக்குப் பத்தொன்பது வயது. ஒரு வேனின் பெட்ரோல் டேங்கைக் கழற்றிக்கொண்டிருந்தான். பெட்ரோல் ஆவி கனமானது. குழியில் இறங்கித் தேங்கும். இருட்டாக இருக்கிறது, டார்ச்சு குடுங்கப்பா என்று கேட்டான். டார்ச்சில் பேட்டரி இல்லை. கை விளக்கு இருந்தது. அது கரண்டில் எரிகிற பல்பு. கை மாறும்போது கீழே விழுந்து உடைந்தது. தீப் பிடித்தது.

பதினாறாம் நாள் முடிந்ததும் குழியை நான் மூடினேன். கருங்கல் போட்டு, மண் போட்டு, தண்ணீர் ஊற்றி, இடித்து மூடினேன் என்று எல்லாரிடமும் சொன்னேன். நான்கு நாள் ஆனது என்றேன். உண்மையில் அரை நாள்தான்.

கல் போடவில்லை. அவனுடைய சாமான்களைப் போட்டேன். அதற்கு மேல் லாரியின் பழைய பக்கப் பலகைகளைக் குறுக்கே அடுக்கினேன். பலகை மேல் மணல். மணல் மேல் மூன்று அங்குலம் கான்கிரீட். அதன் மேல் என் வேலை மேசையை நகர்த்திவைத்தேன். மேசை இன்றுவரை அங்கேயே இருக்கிறது. வண்டி எதுவும் அந்தப் பக்கம் ஏறியதில்லை.

அந்தப் பலகைகளை இந்நேரம் கரையான் தின்றிருக்கும்.

மேலே எழுதியதைத் திரும்பப் படித்தேன். கருங்கல் என்பதில் ஒரு புள்ளியை விட்டிருந்தேன். வைத்துவிட்டேன்.

பிப்ரவரி 1, வியாழன்

கம்பெனியிலிருந்து இஸ்மாயில் என்பவர் இடம் பார்க்க வந்தார். நல்ல ஆள். டேப்பைப் பிடிக்க என்னைக் கூப்பிட்டார். கிழக்குத் தூண் வருகிற இடத்தில் துளை போட்டு, கம்பி விட்டு அளந்தார். ஏழு அங்குலம் இருந்தது. அந்தப் பக்கம் பிற்பாடு கொத்தனார் போட்ட தரை.

“இந்தப் பக்கமும் ஒண்ணு போட்டுப் பாத்துருவோம்க்கா. மேசைய நவுத்தணும்.”

“அது வேண்டியதில்லீங்கண்ணா” என்றாள் மேகலா. “அது எங்கப்பா கையால போட்ட தரை. இதுக்கு மேல டேங்கர் லாரிய ஏத்தினாலும் நிக்கும். இல்லீங்ப்பா?”

இஸ்மாயில் என்னைப் பார்த்தார். “ஐயா சொன்னா சரி. நாலு டன்னு லிஃப்டு. தரை புடிச்சாத்தான் தூணு நிக்கும்.”

நான் டேப்பைச் சுருட்டிக் கொடுத்தேன்.

12ஆம் தேதி திங்கட்கிழமை தூண் நிறுத்த வருகிறார்கள்.

பிப்ரவரி 3, சனி

மளிகைக் கடைக்குப் போய்விட்டு வரும்போது கொட்டகைப் போர்டு கண்ணில் பட்டது. ஆறு வருஷமாக அதற்குக் கீழேதான் போய் வருகிறேன். இன்றுதான் அதில் எழுத்து இருப்பது உறைத்தது. நின்று, கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

தனபால் ஆட்டோ ஒர்க்ஸ்.

மேகலா வைத்த பெயர். என்னிடம் சொல்லவில்லை. சொல்லாமலே எனக்குத் தெரியும் என்று நினைத்திருப்பாள். நீல எழுத்து, மஞ்சள் ஓரம். நன்றாக எழுதியிருக்கிறான். பருப்பு ஒரு கிலோ, சோப்பு இரண்டு, வெல்லம் அரைக் கிலோ வாங்கிவந்தேன்.

பிப்ரவரி 6, செவ்வாய்

சொல்லிவிடலாம் என்று மேகலாவிடம் போனேன். டீ கொடுத்தாள். குடித்துவிட்டு வந்தேன்.

பிப்ரவரி 7, புதன்

இன்றும் டீ.

பிப்ரவரி 9, வெள்ளி

தை அமாவாசை. பாவாயி விடியும் முன்பே எழுந்து எலுமிச்சைச் சோறும் உருளைக்கிழங்கு வறுவலும் செய்தாள். அறுபது பிள்ளைகளுக்கு. ஒவ்வொரு தை அமாவாசைக்கும் அந்த விடுதிக்குக் கொண்டுபோகிறாள். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகள் இருக்கிற விடுதி. நான் தூக்குகளைத் தூக்கிக்கொண்டு கூடப் போனேன்.

ஏன் அந்த விடுதிக்கு என்பதை எழுத வேண்டும். எழுதாவிட்டால் 30ஆம் தேதி எழுதியதில் பாதி குறைகிறது.

தனபால் போன பிறகு பாவாயி சாப்பிடவில்லை. கஞ்சித் தண்ணீர்தான். அவனுடைய சைக்கிளும் சட்டையும் கண்ணில் படும்போதெல்லாம் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள். அதனால்தான் எல்லாவற்றையும் குழிக்குள் போட்டேன். அவள் தங்கை வீட்டுக்குப் போயிருந்த நாள் அது. திரும்பிவந்து எங்கே என்று கேட்டாள். விடுதிப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டேன் என்றேன். வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து அவள் தனியாக அந்த விடுதிக்குப் போனாள். வாசலில் ஒரு பையன் நீலச் சைக்கிளில் போவதைப் பார்த்தாளாம். தனபாலுடையதும் நீலம். வீட்டுக்கு வந்து, “நல்லா மிதிக்கறானுங்க. சீட்ட மட்டுந்தான் எறக்கி வெச்சிருக்கறான், குட்டப் பையன்” என்றாள். அன்று ராத்திரி சோறு போட்டுச் சாப்பிட்டாள். இரண்டாம் தடவை குழம்பு கேட்டாள்.

இன்றும் தூக்கைத் திறந்து பரிமாறிக்கொண்டே சொன்னாள்: “அந்தச் சைக்கிள்காரப் பையனுக்கு இந்நேரம் கலியாணம் ஆயிருக்கும். கொழந்தைகூட இருக்கும்.”

ஆமாம் என்றேன்.

தரை பொய் என்று சொன்னால் சைக்கிளும் வெளியே வந்துவிடும். சொல்லாவிட்டால் நான்கு டன் லிஃப்டும் ஒரு வண்டியும் அந்தப் பலகை மேல் நிற்கும். வண்டிக்கு அடியில் மேகலா நிற்பாள். ஒரு வாரமாக இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். மனசு எந்தப் பக்கமும் வலிக்கவில்லை. விரல் நுனி மாதிரி இருக்கிறது.

பிப்ரவரி 10, சனி

லிஃப்ட் வந்து இறங்கியது. இரண்டு தூணும் சிவப்பு. ஒவ்வொன்றும் ஒன்பதடி இருக்கும். கைகள் தனியாக, மோட்டார் தனியாக, எண்ணெய் டப்பா தனியாக. தூணில் தமிழில் ஒரு ஸ்டிக்கர்: ‘தூக்குவதற்கு முன் சுற்றிலும் பாருங்கள்.’ படித்தேன். நல்ல சொல்.

மேகலாவும் அவள் வீட்டுக்காரரான எங்கள் மாப்பிள்ளையும் என் வேலை மேசையை நகர்த்தினார்கள். அது இருந்த இடத்தில் தரை மட்டும் புதிதாக, வெளுப்பாக இருந்தது. மாப்பிள்ளை அதன் மேல் நடந்தார். மற்ற இடத்தில் செருப்புச் சத்தம் வேறு, அங்கே வேறு. தொம் தொம் என்றது. வானொலி பாடிக்கொண்டிருந்ததால் அவருக்குக் கேட்கவில்லை.

மேகலா தூணைத் தடவிப் பார்த்துவிட்டு என்னிடம் வந்தாள். “மொத வண்டி மேல போறப்ப நீங்கதான் பட்டன அமுத்தோணும்.”

பிப்ரவரி 12, திங்கள்

இன்று நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

காலை ஆறு மணிக்குக் கொட்டகையைத் திறந்தேன். வகுப்பில் கொடுத்த சாக்பீஸ் சட்டைப் பையில் இருந்தது. முட்டி மடங்காது என்பதால் தரையில் உட்கார்ந்து, உட்கார்ந்தபடியே நகர்ந்து நகர்ந்து ஒரு கோடு போட்டேன். ஒன்பதடிக்கு மூன்றடி. கோணலாக வரவில்லை. அந்தக் கட்டத்துக்குள் எழுதினேன்.

இங்கே குழி இருக்கிறது
உள்ளே கல் இல்லை
நாச்சிமுத்து

சாக்பீஸ் இரண்டு தடவை நழுவியது. மூன்று வரிக்கு அரை மணி நேரம் ஆனது. நோட்டுக்கு வெளியே நான் எழுதிய முதல் எழுத்து இது. எட்டி நின்று பார்த்தேன். தூரத்திலிருந்தும் படிக்க முடிந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த நேரத்திலும் எழுத்து நன்றாக வந்திருக்கிறதே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

ஏழு மணிக்கு மேகலா வந்தாள். படித்தாள். குந்தி உட்கார்ந்து முஷ்டியால் தரையைத் தட்டினாள். இரண்டடி தள்ளித் தட்டினாள். மறுபடி கட்டத்துக்குள் தட்டினாள்.

“என்னங்ப்பா இது?”

“எழுதியிருக்கறதுதான்.”

“அன்னைக்கு இஸ்மாயில் அண்ணங்கிட்ட டேங்கர் நிக்கும்னு சொன்னேன். பக்கத்துல டேப்பப் புடிச்சுட்டு நின்னீங்க.”

“ஆமா.”

“என்னைய இதுக்கடியில நிக்க உட்டிருப்பீங்களா?”

“இல்ல. அதுக்குத்தான் எழுதினேன்.”

“வாயத் தொறந்து சொல்றதுக்கு என்னங்ப்பா? இருபத்திமூணு வருசம்!”

“வாய்க்கு வல்ல அம்மிணி. கைக்குத்தான் வந்துது.”

அவள் எழுந்து நின்று எழுத்தை இன்னொரு தடவை படித்தாள். பிறகு கேட்டாள். “கல்லு இல்லைன்னா உள்ள என்ன இருக்குது?”

“தனபாலோட சாமான்.”

மேகலா சமையலறைப் பக்கம் பார்த்தாள். “அம்மாவுக்கு?”

“தெரியாது.”

“அத நான் சொல்ல மாட்டேன். அத வாயாலதான் சொல்லோணும். நீங்களே போங்க.”

போனேன். பாவாயி அவரைக்காய் அரிந்துகொண்டிருந்தாள். தனபாலோட சாமானை விடுதிக்குக் குடுக்கல, குழியில போட்டு மூடிட்டேன் என்றேன். எவ்வளவு சின்ன வாக்கியம். ஒரு மூச்சில் முடிந்துவிட்டது.

“சைக்கிளுமா?”

“சைக்கிளும்.”

அவள் மீதி அவரைக்காயையும் அரிந்து முடித்தாள்.

இஸ்மாயில் பத்து மணிக்கு ஆட்களோடு வந்தார். எழுத்தைப் படித்தார். தட்டிப் பார்த்தார். “ஐயா, எத்தனையோ எடத்துல தரைக்குக் கீழ என்ன இருக்குதுன்னு கேப்பேன். ஒருத்தரும் வாயத் தொறக்க மாட்டாங்க. நீங்க எழுதியே வெச்சுட்டீங்க” என்றார். தரை சரியானதும் கூப்பிடச் சொல்லிவிட்டு டீ குடித்துவிட்டுப் போனார்.

பிப்ரவரி 14, புதன்

தரையை உடைத்தார்கள். கான்கிரீட் ஓடு மாதிரி உடைந்தது. மணல் ஒரு பக்கம் சரிந்தே போயிருந்தது. பலகையில் கரையான் விட்டுவைத்தது ஆணியை மட்டும். கடப்பாரை அதன் எடையிலேயே உள்ளே போனது.

மேலே வந்தவை: சைக்கிள், துரு. தகரப் பெட்டி, உள்ளே துணி, தொட்டால் தூளாகிறது. ஸ்பேனர் செட், அது நன்றாக இருக்கிறது. கிரிக்கெட் மட்டை. ஷூ ஒன்று. தலையணை என்று நினைக்கிறேன். கை விளக்கு, கம்பிக் கூண்டு மட்டும்.

மேகலா அந்தக் கை விளக்கை எடுத்தாள். திருப்பிப் பார்த்தாள். என் விரல்களைப் பார்த்தாள். பழைய இரும்போடு போடாமல் தனியாக ஒரு சாக்கில் சுற்றி வைத்தாள்.

பாவாயி வந்து சைக்கிளுக்குப் பக்கத்தில் நின்றாள். “அப்ப அந்தப் பையன் யாரு?” என்றாள். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை. பிறகு சீட்டின் மேல் கை வைத்தாள். சீட்டு இறக்கி வைத்திருக்கவில்லை. உயரமாகத்தான் இருந்தது.

பிப்ரவரி 15, வியாழன்

வகுப்புக்குப் போகவில்லை.

பிப்ரவரி 19, திங்கள்

பாவாயி சோறு வைக்கிறாள். கூப்பிடுவதில்லை. தட்டு வைக்கிற சத்தம் கேட்டால் நானே போய் உட்கார்ந்துகொள்கிறேன்.

பிப்ரவரி 24, சனி

குழியை நிரப்பிவிட்டோம். இந்தத் தடவை எல்லாம் என் கண் முன்னால் நடந்தது. ஓரடிக்குக் கருங்கல், மேலே ஜல்லி, தண்ணீர், திம்சுக் கட்டை போட்டு இடி. பிறகு அடுத்த அடி. நான்கு நாள் ஆனது. அன்றைக்கு நான் பொய்யாகச் சொன்ன அதே நான்கு நாள். இன்று கம்பி பின்னி எட்டு அங்குலம் கான்கிரீட் போட்டார்கள். இருபத்தெட்டு நாள் தண்ணீர் கட்ட வேண்டும். அது என் வேலை.

சைக்கிளையும் மற்றதையும் மாப்பிள்ளை கொண்டுபோய்விட்டார். எங்கே என்று பாவாயி கேட்டாள். பழைய இரும்புக் கடைக்கு என்றார். அவள் தலையாட்டினாள். மணியை மட்டும் கழற்றி வைத்துக்கொண்டிருக்கிறாள் போல. புளி போட்டுத் தேய்த்த வாடை வந்தது.

பிப்ரவரி 27, செவ்வாய்

வகுப்புக்குப் போனேன். “எங்க போயிட்டீங்க மாப்பிள்ளை, பந்தி ஆறிப்போச்சு” என்றது சரசக்கா. டீச்சர் பக்கத்தை எண்ணிவிட்டு, இவ்வளவா என்றார். டிக் போட்டார். படிக்கவில்லை.

மார்ச் 3, ஞாயிறு

தரைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். பாவாயி வந்து வாசல்படியில் உட்கார்ந்தாள்.

“ஏனுங்க.”

இருபது நாளுக்குப் பிறகு அந்தச் சொல். குழாயை மூடினேன்.

“இருபத்திமூணு வருசம் சோறு கொண்டுட்டுப் போனனே.”

“ம்.”

“அந்தப் பசங்க தின்னாங்கல்ல?”

“தின்னாங்க.”

“அது பொய்யில்லீல்ல?”

“இல்ல.”

அவள் சேலை நுனியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள். “அடுத்த தை அமாவாசைக்கும் போவேன். உங்களுக்காகப் போகல. அவனுக்காகவும் போகல. எலுமிச்சச் சோறு எப்ப வரும்னு அந்த வார்டன் பொண்ணு இப்பவே கேக்குது.” எழுந்தவள் திரும்பி நின்றாள். “அந்த மூலையில தண்ணி நிக்கல பாருங்க. அங்கயும் ஊத்துங்க.”

ஊற்றினேன்.

மார்ச் 25, திங்கள்

தூண் நிறுத்திவிட்டார்கள். இஸ்மாயில் மேற்குத் தூண் பக்கம் நானே துளை அளக்க வேண்டும் என்றார். கம்பியை விட்டேன். கம்பியில் இருந்த அடையாளத்தைப் படித்தேன். எட்டு. ஆறு போல்ட்டையும் ஒவ்வொன்றாக இறுக்கினார்கள். ஸ்பேனர் டக்கென்று சொன்னால் போதும் என்று அர்த்தமாம். பன்னிரண்டு தடவை டக்கென்றது. கிழக்கு ஆறு, மேற்கு ஆறு. எண்ணினேன்.

மார்ச் 26, செவ்வாய்

பாவாயி தூணுக்குப் பொட்டு வைத்து எலுமிச்சம்பழம் வெட்டினாள். முதல் வண்டி டாக்டரம்மாவின் பழைய ஆல்டோ. மேகலா நான்கு கைகளையும் வண்டிக்கு அடியில் சரியான இடத்தில் கொண்டுவந்து வைத்தாள். நான் சுற்றிலும் பார்த்தேன். ஸ்டிக்கரில் அப்படித்தான் போட்டிருக்கிறது. பிறகு பட்டனை அழுத்தினேன். விரலுக்குத் தெரியவில்லை. வண்டி மேலே போவதைப் பார்த்துத்தான் அழுத்திவிட்டேன் என்று தெரிந்துகொண்டேன்.

ஓரடி போனதும் நிறுத்தி மேகலா வண்டியைப் பிடித்து உலுக்கினாள். மேற்குத் தூணின் அடியைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். தரையில் கீறல் இல்லை. மறுபடி அழுத்தினேன். டக், டக் என்று லாக் விழுந்துகொண்டே போனது. ஆறடிக்கு மேல் போய் நின்றது. சக்கரம் நான்கும் தொங்கின.

மேகலா நடந்து வண்டிக்கு அடியில் போனாள். படுக்கவில்லை. குனியவில்லை. நேராக நின்றாள். அண்ணாந்து பார்த்தாள். பாவாயி வாசல்படியில் உட்கார்ந்து, அவளுடைய முழு உடம்பையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பா, கியர் பாக்ஸ் பக்கம் இருட்டா இருக்குது. டார்ச்சு குடுங்க.”

டார்ச்சு என் சட்டைப் பையில் இருந்தது. பேட்டரி நேற்று வாங்கிப் போட்டது. ஒரு தடவை எரியவிட்டுப் பார்த்தேன். எரிந்தது. நடந்து போய் நீட்டினேன். என் விரலுக்கு எதுவும் தெரியாது என்பதால், அவள் விரல்கள் ஐந்தும் அதைச் சுற்றிப் பிடிக்கிற வரைக்கும் பார்த்துக்கொண்டே இருந்தேன். பிடித்த பிறகுதான் விட்டேன்.